எனக்கு வருதே!

ஐ.டி. கம்பெனி ஒவ்வொன்றிலும் இவர் ஒருவர் இருப்பார். பதவி என்ன என்று கேட்டால் டீமில் யாருக்கும் சட்டென்று சொல்லத் தெரியாது. ஆனால், சர்வர் மக்கர் பண்ணினால் எல்லாரும் முதலில் ஓடுவது இவர் சீட்டுக்குத்தான். வயது நாற்பதைத் தொட்டிருக்கும். கறுப்புத் திரையில் பச்சை எழுத்து. மௌஸ் ஓர் ஓரமாகத் தூசி படிந்து கிடக்கும். சின்னப் பிள்ளைகள் 'அண்ணா' என்பார்கள். மேனேஜரும் மீட்டிங்கில், "எதுக்கும் அண்ணாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுடுங்க" என்பார்.

என்ன குறையைக் கொண்டுபோனாலும் அண்ணாவின் முதல் பதில் ஒன்றே.

"அண்ணா, டிப்ளாய் ஸ்க்ரிப்ட் விழுந்துடுச்சு. ஜாவா ஹோம் செட் ஆகலன்னு சொல்லுது."

அண்ணா எஸ்எஸ்எச் போட்டு சர்வருக்குள் நுழைவார். எக்கோ, டாலர், ஜாவா ஹோம், என்டர். பாதை முழுசாகத் திரையில் வந்து நிற்கும். நாற்காலியைத் தள்ளிக்கொண்டு, திரையைக் கேட்டவன் பக்கம் திருப்புவார்.

"எனக்கு வருதேப்பா."

குரலில் கோபமே இருக்காது. சர்வருக்கு உன்மேல் ஏதோ மனஸ்தாபம் போலிருக்கிறது என்கிற பரிதாபம்தான் இருக்கும்.

இதில் வேடிக்கை, அண்ணா பொய் சொல்லவில்லை. அவருக்கு வரத்தான் செய்கிறது. அவர் லாகின் ஆகி உள்ளே போகிறார். அப்போது பாஷ் முதலில் இடிசி ப்ரொஃபைலைப் படிக்கிறது. பிறகு வீட்டு டைரக்டரியில் பாஷ் ப்ரொஃபைல், பாஷ் லாகின், ப்ரொஃபைல் என்கிற மூன்றில் எது முதலில் கிடைக்கிறதோ அதைப் படிக்கிறது. ஸ்க்ரிப்டோ எஸ்எஸ்எச் வழியாக ஒரே ஒரு கட்டளையை அனுப்பி, வேலை முடிந்ததும் போய்விடுகிறது. அதற்கு லாகின் ஷெல் கிடையாது. எதிரே உட்கார்ந்து தட்டுகிற ஆளும் கிடையாது. பந்தியில் உட்கார்ந்தவருக்குப் பாயசம் வரை வரும். பார்சல் வாங்கியவனுக்குச் சாதமும் சாம்பாரும்தான். பார்சலில் பாயசம் இல்லை என்று வந்து நிற்பவனிடம் அண்ணா தன் இலையைக் காட்டுகிறார்.

அண்ணாவின் வைத்தியம் ஒன்றுதான்: பாஷ்ஆர்சியைத் திறந்து, கடைசியில் ஒரு எக்ஸ்போர்ட் வரி போடுவது. அவருடைய பாஷ்ஆர்சி நூறு வரிக்கு மேல் நீண்டு கிடக்கும். 'டெம்ப்ரவரி, டெலீட் பண்ணாதே' என்று குறிப்பு எழுதிய வரிகளுக்கு அவருடைய மூத்த பையன் வயசு. பாத் மாறியில் ஒரே டைரக்டரி ஐந்தாறு தடவை திரும்பத் திரும்ப வரும். ஆனால் உபுண்டு தருகிற பாஷ்ஆர்சியின் தலைமாட்டிலேயே ஒரு காவல் இருக்கிறது: எதிரே ஆள் இல்லையென்றால் இத்தோடு திரும்பிப் போ. ஸ்க்ரிப்ட் அங்கேயே திரும்பிவிடும். அண்ணா கடைசி வரியில் போட்ட எக்ஸ்போர்ட்டை அது கண்ணால்கூடப் பார்த்திருக்காது.

அப்படியும் வரவில்லை என்று பையன் திரும்ப வந்தால், அவன் சொல்கிற மாதிரியே சோதித்துக் காட்டுவார். தன் மேக் லேப்டாப்பிலிருந்து ஒரே கட்டளையாக எக்கோவை சர்வருக்கு அனுப்புவார், இரட்டை மேற்கோளுக்குள். இரட்டை மேற்கோளுக்குள் இருக்கிற மாறியை அவருடைய லேப்டாப்பே விரித்து, தன் ஜாவா ஹோமை இட்டு அனுப்பிவிடும். ஒற்றை மேற்கோள் போட்டிருந்தால் சர்வர் சொந்த வாயால் பேசியிருக்கும். "பாத்தியா, வருது!" என்பார் அண்ணா. லினக்ஸ் சர்வரில் 'லைப்ரரி' என்று ஆரம்பிக்கிற மேக் பாதை எப்படி முளைத்தது என்று கேட்க அங்கே யாருக்கும் தைரியம் கிடையாது.

சூடோ போட்டால் மாறிகள் காணாமல் போகும். முன்னிருப்பாகவே சூழலைத் துடைத்துவிட்டுத்தான் சூடோ வேலையைத் தொடங்கும். அண்ணா இதை 'செக்யூரிட்டி டீம் பண்ற வேலை' என்பார். க்ரானில் ஒரு ஸ்க்ரிப்ட் ஓடாது. டெபியன் க்ரான் தருகிற பாத்தில் பின், யூஎஸ்ஆர் பின் என்று இரண்டே இடங்கள். அது 'நெட்வொர்க் பிரச்சினை'. லேப்டாப்பிலிருந்து ஒரு மாறியை எஸ்எஸ்எச்சோடு சேர்த்து அனுப்பப் பார்ப்பார். அக்செப்ட் என்வ் பட்டியலில் இல்லாததை சர்வர் வாங்காது. டெபியன், உபுண்டு சர்வர்களில் வழக்கமாக லாங் என்பதும், எல்சி என்று தொடங்கும் மொழி அமைப்பு மாறிகளும் உள்ளே போகும் என்று எங்கோ படித்துவைத்திருக்கிறார். அன்றிலிருந்து டேட்டாபேஸ் முகவரிக்கு 'எல்சி டேட்டாபேஸ்' என்று பெயர். புதிதாகச் சேர்ந்தவர்கள் அதை ஏதோ மொழி அமைப்பு என்று நினைத்துப் பயபக்தியோடு விட்டுவிடுவார்கள்.

இத்தனைக்கும் இந்தச் சூழல் மாறிகள் நேற்று முளைத்த சமாசாரம் இல்லை; 1979-இல் யூனிக்ஸின் ஏழாம் பதிப்போடு வந்தவை. அன்றைக்கு வைத்த சட்டம் இன்றும் அதேதான்: தாய் ப்ராசஸிடம் இருப்பதன் நகல்தான் பிள்ளைக்குக் கிடைக்கும். யார் பெற்றார்கள் என்பதைப் பொறுத்ததுதான் எல்லாம். அண்ணாவுக்கு இந்தச் சட்டம் தெரியாமலில்லை. இன்டர்வியூவில் அதைத்தான் முதல் கேள்வியாகக் கேட்பார். தன் விஷயத்தில் மட்டும் அது ஞாபகத்துக்கு வராது.

அதனால்தான் இது நடக்கும். ஒரு சர்வீஸ் சிஸ்டம்டியில் எழும்பவில்லை என்பார்கள். சிஸ்டம்டி யாருடைய பாஷ்ஆர்சியையும் திறந்து பார்க்காது. அண்ணா தன் லாகினிலிருந்து நோஹப் போட்டுக் கையால் கிளப்பிவிடுவார். அவர் ஷெல்லுக்குப் பிறந்த பிள்ளை, அவர் மாறிகள் எல்லாவற்றோடும் மாதக்கணக்கில் ஜம்மென்று ஓடும். ஒரு சனிக்கிழமை ராத்திரி கெர்னல் பேட்ச் போட்டு சர்வரை ரீபூட் செய்வார்கள். சர்வீஸ் எழும்பாது. அண்ணா கும்பகோணத்தில் மச்சினன் கல்யாணத்தில் இருப்பார். விடியற்காலை மூன்று மணிக்கு போன் போகும். மாப்பிள்ளை அழைப்புக்குக் கட்டிய பட்டு வேட்டியோடு, மண்டபத்து மாடிப்படியில் லேப்டாப்பைத் திறந்து, மொபைல் ஹாட்ஸ்பாட்டில் உள்ளே போய், அதே நோஹப் போடுவார்.

"ஒண்ணுமில்லப்பா. இப்ப வருது, பாரு."

திங்கட்கிழமை கம்பெனி முழுக்க மெயில் வரும். சொந்தக்காரர் கல்யாணத்தையும் பாராமல் சர்வரை மீட்டவர் என்று பாராட்டு. கூடவே இரண்டாயிரம் ரூபாய்க்கு கிஃப்ட் கூப்பன்.

அதே டீமில் ஒரு பெண் இருப்பாள், சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகியிருக்காது. அண்ணாவின் லாகினில் ஒரு தடவை, சிஸ்டம்டி வழியாக ஒரு தடவை என்று என்வ் கட்டளையின் விடையை எடுத்து, வரிசைப்படுத்தி, டிஃப் போட்டுப் பார்ப்பாள். குறைகிற மாறிகளை ஒரு தனி ஃபைலில் எழுதி, அதன் பாதையை சர்வீஸின் யூனிட் ஃபைலில் ஒரே வரியாகச் சேர்த்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுவாள். அடுத்த மாதம் சர்வர் மறுபடி ரீபூட் ஆகும். சர்வீஸ் தானாக எழும்பும். யாருக்கும் போன் போகாது, எல்லாரும் தூங்குவார்கள். அப்ரைசலில் மேனேஜர் அவளைக் கேட்பார்: "இந்த வருஷம் பெரிசா சொல்லிக்கிற மாதிரி என்னம்மா பண்ணியிருக்கீங்க?"