நூறில் தொடங்கும் முகவரி

கோயம்புத்தூரில் மச்சினி கல்யாணம். மாமனாரின் பழைய மொய் நோட்டை எக்செல்லில் ஏற்றித் தருகிறேன் என்று போன வருடம் வாங்கிப்போனவன் நான். ஏற்றியது தாம்பரத்தில், என் வீட்டு கம்ப்யூட்டரில். "அதனாலென்ன மாமா, ரிமோட் டெஸ்க்டாப் இருக்கு" என்று நாலு பேர் கேட்கவே சொன்னேன்.

கிளம்புமுன் ரவுட்டரில் போர்ட் ஃபார்வர்டிங் போட்டிருந்தேன்: 3389-ஐத் தட்டுகிறவரை 192.168.1.10-க்கு அனுப்பு. கூடத்திலிருந்து லேப்டாப்பில் சோதித்தபோது ஜோராக வந்தது. கூடத்திலிருந்து படுக்கையறைக்குப் போக வாசல்கதவு எதற்கு என்று அப்போது உறைக்கவில்லை.

கோவையில் வரவில்லை. அப்பாவுக்கு போன் போட்டேன்.

"கம்ப்யூட்டர் ஓடுதாப்பா?"

"கரண்ட் பில் ஏறுமேன்னு நீ கிளம்பின அன்னிக்கே அணைச்சிட்டேன்."

போட்டார். அப்போதும் இல்லை. அது அணைந்திருந்த நேரத்தில் 10-ஐ அக்கா பையனின் செல்போன் பிடித்துக்கொள்ள, கம்ப்யூட்டர் 14-க்குப் போயிருந்தது. துண்டு போடாத பஸ் சீட். ரவுட்டரில் துண்டு போட பாஸ்வேர்டு வேண்டும். அது ரவுட்டரின் வயிற்றில் ஒட்டியிருக்கிறது. ரவுட்டர் பீரோ மேலே, அம்மாவின் குரோஷா விரிப்புக்கடியில். அப்பா ஸ்டூல் போட்டு ஏறினார்.

"இது ஓவா, ஸைபராடா?"

மூன்றாவது முயற்சியில் ஸைபர். 10-ஐ மீட்டோம். பலனில்லை. "வான் ஐபின்னு ஒண்ணு போட்டிருக்கும், படிங்க."

"நூறு புள்ளி எழுபத்திரண்டு..."

உட்கார்ந்துவிட்டேன். பழைய ஐபி முகவரிகள் மொத்தமே சுமார் 430 கோடி, உலகத்துக்குப் போதவில்லை. அதனால் பல வீடுகளுக்குச் சேர்த்து ஒரே வெளிமுகவரி. உள்ளே புழங்க 100.64 முதல் 100.127 வரை 2012-ல் ஒதுக்கிவிட்டார்கள். சுத்தமான ஒண்டுக்குடித்தனம். தெருக்கதவுச் சாவி இன்டர்நெட் கம்பெனியிடம். நான் என் போர்ஷன் கதவைத் திறந்துவைத்துவிட்டு விருந்தாளிக்குக் காத்திருக்கிறேன். ஒரு வகையில் பிழைத்தேன். 3389 திறந்திருக்கிறதா என்று ஊரெல்லாம் தட்டிப்பார்க்கும் கூட்டம் உண்டு. விபிஎன் வழியாகத்தான் வரவேண்டும் என்று விவரமானவர்கள் தலையிலடித்துக்கொள்வது அதற்காகத்தான்.

"ஃபைல் பேரை மட்டும் சொல்லேன்" என்றார் அப்பா.

பத்தாவது நிமிஷம் வாட்ஸப்பில் ஒன்பது போட்டோ. எல்லாம் கோணல். மானிட்டர் கண்ணாடியில் பனியனோடு அப்பா. பெரியகுளம் சித்தப்பாவின் 501 ரூபாய் சரியாக அவர் தொப்பைமேல்.

மாமனார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"ரிமோட் டெஸ்க்டாப் நல்லாத்தானுங்க இருக்குது, மாப்ள."