மானுக்கு ஏத்த துப்பாக்கி எது, மாப்ள?

வாங்க மாப்ள, வாங்க. திண்ணையில அந்தப் பக்கமா உக்காருங்க, இங்கிட்டு வெயிலடிக்குது. தங்கச்சி மகன் மான் வேட்டைக்குக் கிளம்பிட்டாருன்னு கேட்டதுலேர்ந்து எனக்குச் சந்தோசத்துல சோறு இறங்கல. ஜமீன்தார் இல்லாத குறை கன்னிவாடிக்கு இனிமே இருக்காது.

என்ன கேட்டீங்க? வாய்வழியா மருந்து கெட்டிக்கிற துப்பாக்கியில எது மானுக்கு ஏத்ததுன்னா? சரி, 'ங்க' போட்டுப் பேசுனா எனக்கே சிரிப்பு வருது. 'நீ'ன்னே பேசுறேன், கோவிச்சுக்காத.

உனக்கு இந்த ஆசை வந்ததுல தப்பே இல்லடா. நம்ம ஊரு மண்ணு அப்படி. 1755-ல ஹைதர் அலி திண்டுக்கல்லுக்கு பவுஜ்தாரா, அதாவது படைத்தளபதியா வந்தாரு. வந்த ஆளு மலைக்கோட்டையை வேடிக்கை பாத்துட்டா போனாரு? பிரெஞ்சுக்காரனைக் கூட்டியாந்து இங்கனயே ஆயுதசாலை போட்டு, சிப்பாய்க்குப் பயிற்சி குடுத்தாரு. அந்தக் காலத்துத் துப்பாக்கி பூராம் நீ கேக்குற ரகந்தான். அந்தத் துப்பாக்கியை வச்சு அவரு மைசூரையே பிடிச்சாரு. நீ ஒரு மானைப் பிடிக்கணுங்குற. ஆசையில அளவோட இருக்க, அந்த மட்டுக்குச் சந்தோசம்.

செல்போன்ல அமெரிக்காக்காரன் காட்டுறானே, ஐம்பது கேலிபர், மேல தொலைநோக்கி, அதுதான வேணும்? அது 1985-ல டோனி நைட்டுன்னு ஒரு ஆளு சந்தைக்குக் கொண்டாந்து பிரபலமாக்குன ரகம். நல்ல சாமான்தான், இல்லேங்கல. அங்க பல மாநிலத்துல வாய்வழித் துப்பாக்கிக்குன்னே வருசத்துல தனிப் பருவம் ஒதுக்கியிருக்கான். ஆளுக்கு இத்தனை மான்னு அரசாங்கமே சீட்டுக் குடுக்கும், சுட்டவன் கணக்கு ஒப்படைக்கணும். நீ சிறுமலை அடிவாரத்து வனத்துறை ஆபீசுல போயி 'சார், எனக்கு ஒரு மான் சீட்டு'ன்னு கேட்டுப் பாரு. நல்ல மனுசங்க, உக்கார வச்சு டீயெல்லாம் குடுப்பாங்க. ஆனா வீட்டுக்கு அனுப்புவாங்களான்னு எனக்குத் தெரியாது.

அப்புறம் ரைபிள் ரைபிள்ங்குற. ரைபிள்னா குழலுக்குள்ள மரை ஓடணும். குண்டு சுத்திக்கிட்டே போகும், குறி தப்பாது. நம்ம நாட்டுத் துப்பாக்கிக் குழலுக்குள்ள மரையுமில்ல, ஒண்ணுமில்ல, மொழுக்குன்னு இருக்கும். எந்த இரும்புக் குழாயை அறுத்து எந்தப் பட்டறையில செஞ்சதுன்னு செஞ்சவனுக்கே மறந்திருக்கும். அதுக்குள்ள ஈய ரவை, இல்லேன்னா சைக்கிள் பால்ரஸ். முன்னால நிக்கிற மானுக்கு ஆபத்து கொஞ்சம்தான். பின்னால கன்னத்தை வச்சு அணைச்சுக்கிட்டு நிக்கிறவனுக்குத்தான் எப்பக் குழல் வெடிக்கும்னு தெரியாது.

கெட்டிக்கிறதையாவது பாத்திருக்கியா? எங்க பெரியப்பா லைசன்ஸ் வச்சிருந்தாரு, கடலைக்காட்டுக் காவலுக்கு. துப்பாக்கியை நட்டமா நிறுத்தி, வாயில கருமருந்தைக் கொட்டி, தேங்காநாரைத் திணிச்சு, கம்பியால குத்துவாரு. அப்புறம் ரவை. மறுபடி நாரு, மறுபடி குத்து. கடைசியா குதிரையைத் தூக்கி, பொட்டு வெடி மாதிரி இருக்கிற கேப்பைக் காம்புல மாட்டணும். இம்புட்டும் முடிச்சுட்டு நிமிந்தா, கடலையைத் தின்ன வந்த காட்டுப்பன்னி பக்கத்துக் காட்டுல மேஞ்சுக்கிட்டிருக்கும். தூறல் விழுந்தா மருந்து நமுத்துப் போயி 'டிக்'குன்னு ஒரு சத்தம், அம்புட்டுதான். வெடிச்சாலும் வெள்ளைப் புகை கண்ணை மறைச்சுப்புடும். பட்டுச்சா படலையான்னு விடிஞ்சுதான் போயிப் பாக்கணும். தேர்தல் வந்தா வேற, துப்பாக்கியை போலீஸ் ஸ்டேசன்ல ஒப்படைக்கணும். பன்னிக்குத் தேர்தல் தேதி எப்படித் தெரியுமோ, அந்த மாசம் பூராம் குட்டியோட வரும்.

இப்பச் சட்டத்துக்கு வருவோம். நீ பி.ஏ. படிச்சவன், உனக்குச் சொல்லக்கூடாது. 1959-ம் வருச ஆயுதச் சட்டத்துல 13-ம் பிரிவு இருக்கு. அதுல வாய்வழித் துப்பாக்கிக்குப் பேர் சொல்லி ஒரே ஒரு வேலைதான் குடுத்திருக்கான்: நெசமான வெள்ளாமைக் காவல். உன் பேர்ல வெள்ளாமை எங்க இருக்கு? மாடியில தொட்டியில ரோசாச் செடி வச்சிருக்க. அதை மான் வந்து மேயுதுன்னு கலெக்டர் ஆபீசுல மனு எழுதிக் குடு, நான் வேணா சாட்சிக் கையெழுத்துப் போடுறேன்.

லைசன்ஸ் இல்லாம ராத்திரியோட ராத்திரியா ஒண்ணு வாங்கிப்புடலாம்னு உன் சிநேகிதன் சொல்றானாக்கும்? வாங்கு. 2019-ல சட்டத்தைத் திருத்தி இறுக்கிப்புட்டாங்க; லைசன்ஸ் இல்லாம வச்சிருந்தாலே 2 வருசத்துலேர்ந்து 5 வருசம். அதே 2019-லதான் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடும் குடுத்தாங்க. உன்னை உள்ள வச்சுப் பூட்டுறதுக்கு உள்ளூர்ச் சரக்கே இருக்கு, கவலைப்படாத.

குடகுக்காரன் மட்டும் லைசன்ஸ் இல்லாமத் துப்பாக்கி வச்சிருக்கானேன்னு கேப்ப. நெசந்தான், வெள்ளைக்காரன் காலத்துலேர்ந்து அவங்களுக்கு அந்த விலக்கு உண்டு. கைல்போதுன்னு ஒரு பண்டிகை. துப்பாக்கிக்குப் பூ வச்சுக் கும்பிட்டு, மரத்து உச்சியில தேங்காயைக் கட்டிக் குறி பாத்துச் சுடுவாங்க. மானைத் தொட மாட்டாங்க. ஏன்னா மான் 1972-ம் வருச வன உயிரினச் சட்டத்து அட்டவணையில இருக்கு. தேங்காய்க்கு அட்டவணை கிடையாது.

அந்தச் சட்டத்தை நீ பொறுமையாப் படிக்கணும் மாப்ள, அதுலதான் உன் குடும்பச் சொத்தே இருக்கு. வேட்டைக்குக் கொண்டு போன ஆயுதத்தைப் பிடிச்சா அது அரசாங்கத்துக்கு. ஏறிப் போன வண்டியும் அரசாங்கத்துக்கு. தவணை இன்னும் முடியலையே உன் பைக்கு? முடிக்க வேண்டியது நீதான், ஓட்ட வேண்டியதுதான் அவங்க. கறி உன் வீட்டுல இருந்துச்சுன்னா, அது திருட்டுக் கறி இல்லேன்னு நிரூபிக்கிற பொறுப்பும் உன் தலையில. ஆட்டுக்கறின்னு அடிச்சுப் பேசலாம்னு பாக்காத. ஒரு துண்டை ஹைதராபாத்து ஆய்வகத்துக்கு அனுப்புனா மரபணுவை வச்சு எந்தச் சாதி மான்னே சொல்லிப்புடுவான். சரணாலயத்துக்குள்ள சுட்டா 3 வருசத்துலேர்ந்து 7 வருசம், அபராதம் 25,000-த்துக்குக் குறையாது. அந்தக் காசுக்கு நம்ம ஊரு சீரகசம்பா பிரியாணி எத்தனை தட்டு வரும்னு உங்கம்மாவைக் கணக்குப் போடச் சொல்லு.

சரணாலயம் கொடைக்கானல்லதான இருக்கு, நான் அய்யலூர்ப் பக்கம் போறேங்குறியா? அங்கதான் 2022-ல கடவூர் தேவாங்கு சரணாலயம் வந்துச்சு, கரூர் பாதி நம்ம ஜில்லா பாதியா. தலையில டார்ச்சைக் கட்டிக்கிட்டு ராத்திரியில நீ போவ. ரெண்டு கண்ணு தணல் மாதிரி மின்னும். மான்னு நெனைப்ப. அது தேவாங்கா இருக்கலாம். கிடை போட்டிருக்கிற கீதாரியோட கிடாயா இருக்கலாம். உன்னை மாதிரியே தலையில வெளிச்சத்தைக் கட்டிக்கிட்டு உன்னைய மான்னு குறி வைக்கிற இன்னொரு மாப்ளையாக்கூட இருக்கலாம். அவனும் அவங்க மாமன்கிட்ட யோசனை கேட்டுட்டுத்தான் வந்திருப்பான்.

மான் வேணாம், பன்னியாவது சுடலாம்ல மாமான்னு வாயைத் திறக்குற, தெரியுது. 2025 ஜனவரியில அதுக்கும் அரசாங்கத்துல ஒரு வழி சொன்னாங்க. காப்புக்காட்டு எல்லையிலேர்ந்து 1 கிலோமீட்டர் வரைக்கும் சுடவே கூடாது. 1-லேர்ந்து 3 வரைக்கும் பிடிச்சுக் கொண்டு போயிக் காட்டுல விடணும். 3-க்கு அங்கிட்டுத்தான் சுடலாம். சுடுறதும் வனத்துறை ஆளு. சம்சாரி தள்ளி நின்னு பாக்கணும். அதுல பன்னியை நிக்க வச்சு டேப்பு பிடிச்சு அளக்குறது யாருன்னுதான் எனக்குப் புரியல. விடு, அது சம்சாரிகளோட வயித்தெரிச்சல், உனக்கெதுக்கு.

ஒரு சினிமா நடிகரு, சல்மான் கான், 1998-ல ராஜஸ்தான்ல மான் கேசுல மாட்டுனாரு. 2018-ல ஜோத்பூர்க் கோர்ட்டுல 5 வருசத் தீர்ப்பு, அப்புறம் ஜாமீன், அப்பீலு. இருபது வருசம் வாய்தாவுக்கு அவரு பிளேன்ல போயிட்டு வந்தாரு. நீ நத்தம் பஸ்ல போகணும். மாப்பிள்ளை பாக்க வர்றவங்க 'மாப்பிள்ளை எங்க?'ன்னு கேட்டா உங்கம்மா என்ன சொல்லும்? 'கோர்ட்டு வரைக்கும் போயிருக்கான், சாயங்காலம் வந்துருவான்'னா?

அட, முகத்தைத் தொங்கப் போடாத. வேட்டை ஆசையை அப்படியே விட்டுப்புடவும் வேணாம். நாளைக்கு ராத்திரி நம்ம மக்காச்சோளக் காட்டுக்குக் காவலுக்கு வா. பரண் இருக்கு, கம்பளி இருக்கு. தகரமும் தட்டுறதுக்குக் கம்பும் நான் கொண்டாரேன். துப்பாக்கிச் சத்தம் வேணும்னா வாயால போட்டுக்க, அதுக்கு எவனும் லைசன்ஸ் கேக்க மாட்டான்.