ரெகுலர் சார்

தமிழ்நாட்டுச் சைவ ஓட்டல்களில் காலை ஏழு மணி முதல் ஒன்பது மணி வரை, கல்லாவுக்கு நேர் எதிரே உள்ள மேசையில் காணப்படுபவர் ரெகுலர் சார். வயது ஐம்பதுக்கு மேல். பெயர் ஓட்டலில் ஒருவருக்கும் தெரியாது. தெரிந்துகொள்ளும் அவசியமும் வந்ததில்லை. தன் மேசையில் புதிதாக எவராவது உட்கார்ந்திருந்தால் இவர் வேறு இடம் தேடுவதில்லை. பக்கத்தில் நின்று அந்த ஆளின் தட்டையே பார்ப்பார். வந்தவர் காபி சொல்லாமலே எழுந்துவிடுவார்.

உட்கார்ந்ததும், "என்னப்பா இருக்கு?" என்பார். சப்ளையர் மூச்சு விடாமல், "இட்லி, வடை, பொங்கல், பூரி, ஆனியன் ரவா, நெய் ரோஸ்ட், மசால் ரோஸ்ட்" என்று ஒப்பிப்பார். எல்லாவற்றையும் கேட்டு முடித்து, "கிச்சடி இல்லையா?" என்பார். இருந்தாலும் சாப்பிடப்போவதில்லை. கொஞ்சம் யோசித்துவிட்டு, "சரி, ரெண்டு இட்லி ஒரு வடை" என்பார். ஆண்டுக்கணக்காக இதே ஆர்டர்தான். பட்டியல் பூரிக்கு வரும்போதே தட்டு மேசைக்கு வந்திருக்கும்.

இட்லி ஒரு சாக்கு. வந்த காரியம் சாம்பார். சின்ன வெங்காயம் மிதக்கும் ஓட்டல் சாம்பாருக்கு வீட்டில் ஈடு கிடையாது என்பது இவர் கட்சி. வீட்டில் மட்டும் சொல்வதில்லை. 1948இல் தொடங்கிய திருவல்லிக்கேணி ரத்னா கஃபேயில் இட்லி மூழ்கும்வரை சாம்பார் ஊற்றுவது பிரசித்தம். அதை எல்லா ஓட்டல்களையும் கட்டுப்படுத்தும் சட்டமாகவே இவர் எடுத்துக்கொண்டிருக்கிறார். முதல் முறை வாளி தானாக வரும். இரண்டாம் முறைக்கு ஒரு விரல் அசைந்தால் போதும். மூன்றாம் முறை, "தம்பி, இட்லி காயுது பாரு" என்று இட்லியின் பேரில் மனு போடுவார். நான்காம் முறை தட்டில் இட்லியே இருக்காது. சப்ளையர் அதைக் கவனிக்காதது போல ஊற்றிவிட்டுப் போவார். இந்த நாகரிகத்துக்குத்தான் டிப்ஸ் என்று நினைத்தால் தவறு; டிப்ஸ் தீபாவளிக்கு.

காபிக்கு நிபந்தனைகள் உண்டு: ஸ்ட்ராங்காக, சர்க்கரை கம்மியாக, கை பொறுக்காத சூட்டில். வந்ததும் டபராவில் ஊற்றிப் பத்து முறை ஆற்றுவார்.

பில் கொடுக்கும் இடத்தில் நிர்வாக ஆலோசனை நடக்கும். நேற்றுச் சட்னியில் உப்புத் தூக்கல், மாஸ்டர் மாறிவிட்டாரா என்று விசாரணை. 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தபோது ஏ.சி. இல்லாத ஓட்டல்களுக்கு 12 சதவீதம், ஏ.சி. உள்ளவற்றுக்கு 18 சதவீதம். கல்லாவில் நின்று தினமும் கண்டித்தார். நவம்பரில் இரண்டும் 5 சதவீதமாகக் குறைந்தன. அது தன்னால்தான் என்று இவருக்கு ஒரு எண்ணம். அதே வேகத்தில், கொள்முதலுக்குக் கட்டிய வரியைக் கழித்துக்கொள்ளும் சலுகை போனதால் பல ஓட்டல்களில் இட்லி விலை ஏறியது. அது மட்டும் ஓட்டல்காரர் செய்த வேலை.

வெளியூர்க்காரர் எவராவது எதிரே உட்கார்ந்தால், "இங்க பொங்கல் எடுங்க, அதுதான் ஸ்பெஷல்" என்பார். இவர் அதை ஒருநாளும் தொட்டதில்லை.

ஓட்டலுக்கு விடுமுறை என்றால் மூடிய ஷட்டர் முன்னால் சற்று நிற்பார். அறிவிப்பை இரண்டு முறை படிப்பார். "சொல்லவே இல்லையே" என்று முனகியபடி எதிர்ச்சாரி ஓட்டலுக்குள் நுழைவார். அங்கே சப்ளையர் எதுவும் கேட்காமல் இரண்டு இட்லி ஒரு வடையை வைத்துவிட்டு வாளி எடுக்கப் போவார்.