கண்ட்ரோல்-பி அண்ணன்

அம்பத்தூர் எஸ்டேட்டின் ஐ.டி. பார்க்குகளில் எந்த மாடியில் லிஃப்ட் நின்றாலும் அவர் இருப்பார். மேஜையில் மவுஸ் உண்டு. அதன்மேல் சாவிக்கொத்தோ டிபன் பாக்ஸ் மூடியோ கிடக்கும். திரை முழுக்கக் கறுப்பு. அதில் நாலு கட்டம், நாலிலும் எழுத்துகள் ஓடும், அடியில் ஒரு பச்சைப் பட்டை. பின்னால் நின்று பார்க்கிறவர்களுக்கு ராக்கெட் விடுகிறார் என்றே தோன்றும். உண்மையில் ஒரு கட்டத்தில் சர்வர் லாக், பக்கத்துக் கட்டத்தில் ஐ.பி.எல். ஸ்கோர். மேனேஜரின் ஷூ சத்தம் கேட்டதும் கண்ட்ரோல்-பி, பிறகு இஸட். லாக் திரை முழுக்க விரிந்துகொள்ளும். ஷூ சத்தம் பேன்ட்ரி பக்கம் போனதும் மறுபடி அதே தட்டல். சேப்பாக்கம் திரும்பி வரும்.

ஹெச்.ஆர். பட்டியலில் அவருக்கு வேறு பெயர். மாடியில் எல்லோருக்கும் அவர் கண்ட்ரோல்-பி அண்ணன்.

ஒரே டெர்மினலைப் பல அறைகளாகத் தடுத்துத் தருகிற டீமக்ஸ் என்ற மென்பொருளின் பக்தர் அவர். கண்ட்ரோலையும் பி-யையும் சேர்த்துத் தட்டிவிட்டு அடுத்த எழுத்தைத் தட்டினால் ஒரு கட்டளை: சி தட்டினால் புது ஜன்னல், டி தட்டினால் பெரிய கடிகாரம். சாப்பிடப் போகும்போது அந்தக் கடிகாரத்தை ஓடவிட்டுப் போவார். ஆள் இல்லாவிட்டாலும் சீட் வேலை செய்வதுபோல் இருக்கும்.

புதிதாகச் சேர்ந்த பையன்களுக்கு கேட் வாசல் டீக்கடையில் தலபுராணம் சொல்வார். 1987-இல் பெர்லினில் 'ஸ்க்ரீன்' பிறந்தது, அதற்குக் கண்ட்ரோல்-ஏ. 2007-இல் நிக்கோலஸ் மாரியட் டீமக்ஸை எழுதினார், அதற்குக் கண்ட்ரோல்-பி. இன்றைக்கும் டீமக்ஸை ஓட்டிக்கொண்டே கண்ட்ரோல்-ஏ வைத்துக்கொள்கிறவர்கள் உண்டு. அவர்களுக்கும் இவருக்கும் வடகலை தென்கலை உறவுதான். திருக்கச்சி நம்பி அவதரித்த பூந்தமல்லிக்காரர் என்பதால் இந்தச் சண்டையில் அவருக்கு இயல்பான தேர்ச்சி உண்டு. "ஏ-வைப் பிடிச்சா ஷெல்லுல வரியோட ஆரம்பத்துக்கு எப்படிடா போவே?" என்பார் கண்ணை உருட்டி. பையன் அதுவரை ஆரம்பத்துக்கு அம்புக்குறியை அழுத்திப் பிடித்தே போய்க்கொண்டிருந்தவன். பயந்துபோய்த் தலையாட்டுவான்.

"தம்பி, மவுஸைத் தொடாதே. கை அங்க போயிட்டு வர்ற நேரத்தைக் கூட்டிப் பாரு, வருஷத்துக்கு எத்தனை நாள் வீணாப் போவுது?"

இதைச் சொல்லி முடிப்பதற்குள் இரண்டாவது டீ வந்திருக்கும்.

அவர் சீட்டில் வேறு யாரும் உட்கார முடியாது. இடது சுண்டுவிரல் வலிக்கிறதென்று கேப்ஸ் லாக்கையே கண்ட்ரோலாக மாற்றி வைத்திருக்கிறார். பெரிய எழுத்து வேண்டி அதைத் தட்டுகிறவர் பாஸ்வேர்டை மூன்று முறை தப்பாகப் போட்டு, கணக்கைப் பூட்டிவிட்டு எழுந்து போவார். அவரும் பிறர் சீட்டில் உட்கார முடியாது. கட்டத்தை நெடுக்காகப் பிரிக்க டீமக்ஸில் சதவீதக் குறி, குறுக்காகப் பிரிக்க மேற்கோள் குறி. இது மனிதன் நினைவில் வைக்கிற காரியமில்லை என்று கான்ஃபிக் ஃபைலில் செங்குத்துக் கோடாகவும் கிடைக்கோடாகவும் மாற்றிக்கொண்டார். பாராட்ட வேண்டிய மாற்றம்தான். ஆனால் புது சர்வரில் நுழைந்தால் அந்தக் கோடுகளுக்கு மரியாதை இல்லை. முதல் காரியமாக ஃபைலை இறக்குவார். அதற்கப்புறம்தான் எரிகிற பிரச்சினை என்னவென்று கேட்பார்.

விரலுக்குப் பழகியது மனசு சொல்வதைக் கேட்காது. அவருடைய லீவ் லெட்டரில் 'அம்மாவுக்கு உடம்பு' வரைக்கும் சாதாரண எழுத்து, 'சரியில்லை' மட்டும் தடித்த எழுத்து. வேர்டில் கண்ட்ரோல்-பி அதைத்தான் செய்யும். எவ்வளவு முடியவில்லையோ என்று பயந்து மேனேஜர் உடனே லீவ் கொடுத்துவிட்டார். தமிழ்99-இல் பெரியப்பாவுக்கு மெசேஜ் அடித்துவிட்டு ஆங்கிலத்துக்கு மாற மறந்த நாளில் வேடிக்கை வேறு மாதிரி. டீமக்ஸிலிருந்து விலக டி என்ற சாவியைத் தட்டவேண்டும். ஏ, எஸ்-க்கு அடுத்தது, கடிகாரத்தின் டி அல்ல. தமிழ்99-இல் அந்தச் சாவி உ. முதல் தட்டலை டீமக்ஸ் விழுங்கிவிடும். பதறிப் போய் மறுபடி தட்டினால், கம்பெனியின் புரொடக்‌ஷன் சர்வரில் பிள்ளையார் சுழி.

இத்தனைக்கும் நடுவில் அவர் ஜெயித்த ஒரு வாரம் உண்டு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்து எஸ்டேட் தெருக்களில் தண்ணீர் நின்றது. ஆவடியிலும் பட்டாபிராமிலும் வீட்டிலிருந்து வேலை பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்குக் கரண்டும் நெட்டும் ஒன்றாகப் போயின. நேராக எஸ்.எஸ்.ஹெச். வழியே சர்வரில் நுழைந்து மணிக்கணக்கில் டேட்டா மாற்றிக்கொண்டிருந்தவர்களின் வேலை பாதியில் அறுந்தது. இவர் வீட்டிலும் இருட்டுதான். ஆனால் டீமக்ஸ் செஷன் வாழ்வது லேப்டாப்பில் இல்லை, தூரத்து சர்வரில். இணைப்பு போனால் அதற்குத் தெரியக்கூடத் தெரியாது. கரண்ட் வந்ததும் 'அட்டாச்' என்று ஒரு வரி தட்டினார். நாலு கட்டமும் விட்ட இடத்தைத் தாண்டிப் போய், வேலை முடிந்து, கர்சர் சிமிட்டிக்கொண்டிருந்தது. மற்றவர்கள் முதலிலிருந்து ஆரம்பித்தார்கள். அந்தப் பெருமை நியாயமானது. நானே எழுந்து நின்று கைதட்டுவேன். அதை அவர் 2024 முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தது வேறு விஷயம்.

சர்வரே ரீபூட் ஆனால் செஷனும் சேர்ந்து போய்விடும் என்பதை மட்டும் அவர் டீக்கடையில் சொல்வதில்லை. அதற்குப் பதில் ரீபூட்டே நடக்காமல் பார்த்துக்கொள்கிறார். பேட்ச் போடவேண்டும் என்று மெயில் வந்தால், "செஷன் இருக்கு சார், அடுத்த வாரம் பார்க்கலாம்" என்பார். அந்த அடுத்த வாரம் இன்னும் காலண்டரில் ஏறவில்லை.

போன மாதம் திருநின்றவூரிலிருந்து ஒரு பெண் டிரெய்னியாக வந்து சேர்ந்தாள். அவளுக்குக் கட்டத்தைப் பெரிதாக்கச் சொல்லிக்கொடுத்தார்.

"கண்ட்ரோல்-பி தட்டிட்டு, அப்புறம் கண்ட்ரோலோட அம்புக்குறி."

"எத்தனை தடவைண்ணா?"

"வேணும்ங்கிற அளவு வர்ற வரைக்கும்."

"மவுஸ் ஆன்னு ஒரு வரி போட்டா கோட்டைப் பிடிச்சு இழுத்துடலாமாமேண்ணா?"

அண்ணன் பதில் சொல்லவில்லை. மானிட்டரைத் துடைத்தார். அதெல்லாம் பழக்கத்தைக் கெடுத்துடும்மா என்று பொதுவாக ஒரு திசையைப் பார்த்துச் சொன்னார்.

எல்லோருக்கும் அவரே கொடுக்கிற அந்த கான்ஃபிக் ஃபைலின் புதுப் பிரதி இந்த வாரம் எங்கள் கைக்கு வந்தது. கடைசி வரி: செட், ஹைஃபன் ஜி, மவுஸ், ஆன். அதற்கு மேல் ஒரு ஹேஷ் போட்டு அவர் கைப்படக் குறிப்பு: 'டெம்ப்ரவரி. ட்ரெய்னிக்காக.'