64 கேபி குடித்தனம்

நாங்கள் சி படித்த காலத்தில் கம்ப்யூட்டர் லேபுக்குள் செருப்போடு போகக் கூடாது. மெஷினுக்குத் தூசி ஆகாது. உள்ளே போய்விட்டாலோ, டர்போ சி கொடுத்த சுதந்திரத்துக்கு அளவே கிடையாது. பாயின்டரைக் கொண்டுபோய் நேரே வீடியோ மெமரியிலேயே எழுதலாம். மெஷின் உறைந்துபோனால் ரீசெட்டைத் தட்டிவிட்டுப் பக்கத்து மெஷினுக்கு நகர்ந்துகொள்ளலாம். ஒரே கெடுபிடி 64 கேபி. அதை மீறி ஒரு அரே போட்டால், ‘அரே சைஸ் டூ லார்ஜ்’ என்று கம்பைலர் கைவிரித்துவிடும்.

அப்போது பிரௌசர் என்பது படிக்க மட்டும். பிரௌசிங் சென்டரில் ஏதாவது ஒரு தளம் ஆக்டிவ்எக்ஸ் பெட்டியை நீட்டி யெஸ்ஸா நோவா என்று கேட்டால், கண்ணை மூடிக்கொண்டு நோ கொடுக்கச் சொல்லி வருகிறவர் போகிறவருக்கெல்லாம் பாடம் எடுத்தோம். முன்பின் தெரியாதவன் எழுதிய நேட்டிவ் கோட் நம் மெஷினில் ஓடுவதா! ஜாவா ஆப்லெட் வேறு ரகம். சாம்பல் நிறச் சதுரத்தைக் காட்டி உட்கார வைக்கும். அது எழுந்து வருவதற்குள் அரை மணி நேரக் காசு கரைந்திருக்கும்.

இப்போது யாரும் யெஸ்ஸா நோவா என்று கேட்பதே இல்லை. 2010-இல் அலோன் ஸகாய் தொடங்கிய எம்ஸ்கிரிப்டன், சி ப்ளஸ் ப்ளஸ் கோடை ஜாவாஸ்கிரிப்டாக மாற்றிக் காட்டியது. அந்த மாதிரிக் கோடைப் பிரௌசருக்குள் நேட்டிவ் வேகத்துக்கு நெருக்கமாக ஓட்டும் பைனரி வடிவமான வெப்அசெம்பிளி, 2017-இல் நான்கு பெரிய பிரௌசர்களிலும் வந்துவிட்டது. கூகுள் தன் பங்குக்கு வளர்த்த நேட்டிவ் கிளையன்ட் குரோமைத் தாண்டாமலே ஓய்ந்தது. 1982-இல் பிறந்த ஆட்டோகேட் இன்று ஒரு டேபில் திறக்கிறது.

என் பழைய கோட் ஒன்றையும் வெப்அசெம்பிளிக்குக் கம்பைல் செய்து பார்த்தேன். முன்பெல்லாம் ஒரு ஈஎக்ஸ்ஈ, ஒரு ஃப்ளாப்பி, அவ்வளவுதான். இப்போது எச்டிஎம்எல் ஒன்று, ஜேஎஸ் ஒன்று, வாஸ்ம் ஒன்று. டபுள் கிளிக் செய்தால் ஓடாது. என் மேசையில் இருப்பதை என் மேசையிலேயே ஓட்ட ஒரு சர்வர் வேண்டுமாம். கீயைத் தட்டும்வரை சுற்றிக்கொண்டிருக்கும் அந்தக் கால வொயில் லூப்பும் இங்கே செல்லாது, டேப் உறைந்துவிடும். ஒரு சுற்றுக்கான வேலையை ஃபங்ஷனாக எழுதி ஒப்படைத்துவிட வேண்டும். பிரௌசர் தனக்குத் தோதுப்படும்போது கூப்பிடும். ஃபைலில் எழுதினால் அது மெமரிக்குள் இருக்கும் போலி டிஸ்க்குக்குப் போகும். ரிஃப்ரெஷ் அடித்தால் போச்சு. சொந்த வீட்டில் இஷ்டத்துக்கு ஆணி அடித்தவன் வாடகைக்கு வந்தால் ஹவுஸ் ஓனரைக் கேட்டுத்தானே ஆக வேண்டும்?

மெமரியையும் பிரௌசர் பக்கக் கணக்கில்தான் அளந்து தருகிறது. ஒரு பக்கம் 64 கேபி! அன்றைக்கு எங்கள் மொத்தச் சொத்து, இன்றைக்குச் சில்லறை. வழக்கமான 32-பிட் கணக்கில் அப்படி 65,536 பக்கம், அதாவது 4 ஜிபி வரை வாங்கலாம்.

குறை சொல்லவில்லை. இந்தக் கெடுபிடி இருப்பதால்தான் எவனோ எழுதிய கோட் என் டிஸ்க்கைத் தொடாமல் ஓடுகிறது. நோ சொல்லும் வேலை மிச்சம். ஒன்றுதான் இன்னும் உறுத்துகிறது. பிரெண்டன் ஐக் 1995-இல் முதல் வடிவத்தைப் பத்தே நாளில் எழுதி முடித்த ஜாவாஸ்கிரிப்டை, சி படித்த நாங்கள் ஒரு மொழியாகவே மதித்ததில்லை. வெப் பக்கத்தில் இருக்கும் ஒரு பட்டனின் நிறத்தை மாற்ற வெப்அசெம்பிளி இன்றைக்கும் அதன் வழியாகத்தான் போக வேண்டும்.