ரெண்டு பேருக்கும் கொம்பு உண்டு

எங்கள் மலையேற்ற வாட்ஸ்அப் குழுவில் என் பெயர் மணி. படம், வரையாடு. இரண்டையும் திட்டம் போட்டு வைக்கவில்லை. மணி பள்ளிக்கூடத்திலிருந்து கூடவே வருகிற பெயர். வரையாடு, ஆழியாரிலிருந்து வால்பாறை ஏறும் சாலையில் ஒன்பதாவது கொண்டை ஊசி வளைவில் தடுப்புச் சுவர் மேல் நின்று என்னை முறைத்தது. எடுத்தேன், வைத்தேன், மறந்துவிட்டேன். குழுவில் யாரும் மறக்கவில்லை.

மணி ஆணுக்கும் இருக்கும், பெண்ணுக்கும் இருக்கும். சரி, படத்தைப் பார்த்தாவது முடிவு பண்ணலாம் என்றால் வரையாட்டில் கிடாவுக்கும் கொம்பு உண்டு, பெட்டைக்கும் உண்டு. காட்டுயிர் ஆர்வலர் ஒருவர் பொதுவிலேயே விளக்கம் போட்டார்: முதிர்ந்த கிடாவின் முதுகில் சேணம் போட்ட மாதிரி வெளிறிய திட்டு இருக்கும், படத்தைப் பெரிசாக்கிப் பாருங்கள் என்று. பெரிசாக்கிப் பார்த்திருக்கிறார்கள். படத்தில் தலை மட்டும்தான் இருந்தது. ஆகவே வழக்கு நிலுவையில் உள்ளது. சிலர் மணி அண்ணா என்கிறார்கள், சிலர் மணி அக்கா என்கிறார்கள். இரண்டுக்கும் பதில் போடுகிறேன். இந்தக் கட்டுரை முடிவதற்குள் உண்மையைச் சொல்லிவிடுவேன் என்று யாரும் காத்திருக்க வேண்டாம்.

மலையேறுகிறவர்களுக்கு மட்டும் ஏன் சொந்தப் பெயர் பிடிப்பதில்லை என்று தெரியவில்லை. வங்கி ஊழியர் குழுவில் எல்லோரும் இனிஷியலோடு இருக்கிறார்கள். அடுக்குமாடிக் குழுவில் பெயரே கிடையாது, வீட்டு எண்தான். இங்கே மட்டும் மேகக்கூட்டம், காட்டுப்பூனை, ஒற்றையடி, இடிமுழக்கம், நீலக்குயில். ‘பாட்டி’ என்று ஒருவர் இருக்கிறார். முழங்கால் வலிக்கு என்ன தைலம் நல்லது என்று அவரிடம் மரியாதையோடு கேட்டுக்கொண்டிருந்தார்கள். பாட்டிக்கு வயது இருபத்து நாலு, மென்பொருள் வேலை.

அந்தப் பெயருக்கு அமெரிக்காவில் ஓர் அசல் உண்டு. அங்கே அப்பலாச்சியன் பாதை என்று ஒன்று, ஜார்ஜியாவில் தொடங்கி மெய்ன் வரை சுமார் 3,500 கிலோமீட்டர். நடக்கிறவர்கள் ஆளுக்கொரு பாதைப் பெயர் வைத்துக்கொள்வார்கள். வழியில் உள்ள தங்குமிடங்களில் ஒரு நோட்டுப் புத்தகம் கிடக்கும். அதில் அந்தப் பெயரைத்தான் எழுதிவிட்டுப் போவார்கள். பின்னால் வருகிறவர் படித்துவிட்டு, முன்னால் போகிறது ஆணா பெண்ணா, கிழமா குமரா என்று மண்டையைக் குடைந்துகொண்டே நடப்பார். ஆக, இந்த வியாதிக்கு இன்டர்நெட் காரணமில்லை. அந்தப் பாதை முழுவதையும் 1955-இல் தனியாக நடந்து முடித்தார் எம்மா கேட்வுட். வயது 67, பெற்ற பிள்ளைகள் 11. தோளில் தானே தைத்த ஒரு பை, காலில் கான்வாஸ் ஷூ. அவரைக் ‘கேட்வுட் பாட்டி’ என்றே ஊர் உலகம் சொன்னது. பால், வயது, உறவுமுறை மூன்றும் பெயரிலேயே இருந்ததால் யாருக்கும் தலைவலி இல்லை. எங்கள் குழுவில் ஷூவுக்கு எந்த பிராண்டு என்று மாதக்கணக்கில் விவாதம் ஓடும்போதெல்லாம் இந்தக் கான்வாஸ் ஷூவைப் பற்றி எழுதத் தோன்றும். எழுதினால் குழுவை விட்டுத் தூக்கிவிடுவார்கள்.

இன்னொரு பெயர்தான் எங்கள் ஆட்களைக் கவிழ்த்தது. பசிபிக் கிரெஸ்ட் பாதை மெக்சிகோ எல்லையிலிருந்து கனடா எல்லை வரை 4,200 கிலோமீட்டருக்கு மேல். 2013-இல் துணைக்கு ஓர் உதவியாளும் இல்லாமல் 60 நாள் 17 மணி 12 நிமிடத்தில் அதை முடித்தவரின் பாதைப் பெயர் அனிஷ். குழுவில் யாரோ செய்தியைப் பகிர்ந்ததும் மளமளவென்று வந்து விழுந்தன: “அனிஷ் ப்ரோ மாஸ்”, “தலைவன் வேற லெவல்”, “நம்ம நாகர்கோவில் பக்கம் பையனா?” நமக்கு அனிஷ் என்றால் பல்சர் ஓட்டுகிற பையன்தானே. அவர் ஹீதர் ஆண்டர்சன் என்கிற பெண். அனிஷினாபே என்ற பூர்வகுடியைச் சேர்ந்த தன் மூதாதை ஒருவரின் நினைவாக வைத்துக்கொண்ட பெயர் அது. இதை மேகக்கூட்டம் எடுத்துச் சொன்னதும் ஒரு நிமிடம் நிசப்தம். பிறகு அதே ஆள் திரும்ப வந்தார்: “சிஸ்டர் மாஸ்.”

சுஜாதா என்ற பெயரில் ரங்கராஜனையும், புஷ்பா தங்கதுரை என்ற பெயரில் ஸ்ரீவேணுகோபாலனையும் வாரா வாரம் படித்துத் தேறிய ஊர் இது. நமக்கே இந்தத் தடுமாற்றம் என்றால் மற்றவர்கள் பாடு என்ன?

குழுவில் புதிதாகச் சேர்கிற யாரும் முதலில் ப்ரோதான். நிரூபணம் ஆகும் வரை எல்லோரும் ஆண் என்பது எழுதாத சட்டம். லேசாகச் சந்தேகம் தட்டினால் ப்ரோ போய் ஜி வரும். சந்தேகம் முற்றினால் விளிப்பே நின்றுவிடும். “சொல்லுங்க”, “பாருங்க” என்று மொட்டையாக வரும். பெண் என்று முடிவாகிவிட்டால் சிஸ்டர், கொஞ்சம் வயதானவர் என்று பட்டால் மேடம். கோயமுத்தூர்க்காரர்களுக்கு இதில் கஷ்டமே இல்லை. ஆணோ பெண்ணோ ஆட்டுக்குட்டியோ, கடைசியில் ஒரு ‘ங்க’ போட்டால் தீர்ந்தது. மதுரைக்காரரின் ‘ப்பா’வும் அப்படித்தான், யாருக்கும் செல்லும். வடசென்னைக்காரர் ஒருவர்தான் எல்லாவற்றையும் கெடுத்தார். அவர் ஆண்களையும் “இன்னாமா” என்று கூப்பிடுகிறவர். அந்த ‘மா’வை நம்பி, முறுக்கு மீசை வைத்த ஒருவரைப் பல வாரங்கள் பெண் கணக்கில் வைத்திருந்தோம். அவரும் மறுக்கவில்லை.

மறுக்காததற்குக் காரணம் இருக்கிறது. ஒரு மழைக்காலத்தில், அட்டைக் கடிக்கு என்ன செய்வது என்று ஒரே நாளில் இரண்டு பேர் கேட்டார்கள். நீலக்குயில் கேட்டதும் பதில்கள் குவிந்தன. உப்பு மூட்டை கட்டுங்கள், புகையிலையை ஊறவைத்துத் தடவுங்கள், பிடுங்கி எறியாதீர்கள், ரத்தம் நிற்காது. ஒருவர் தன்னிடம் ஒரு ஜோடி அட்டை சாக்ஸ் கூடுதலாக இருப்பதாகவும், காந்திபுரம் வந்தால் கொடுப்பதாகவும் சொன்னார். மாலையில் இடிமுழக்கம் அதே கேள்வியைக் கேட்டபோது வந்த பதில் ஒன்றே ஒன்று: “மேல ஸ்க்ரோல் பண்ணிப் பாருங்க ப்ரோ.”

நீலக்குயில், முன்னே சொன்ன அந்த மீசைக்காரர்தான். பள்ளித் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். குயில் என்றதும் பெண் என்று எப்படி நினைத்தீர்கள், கூவுவது ஆண் குயில்தானே, பெண் குயில் ‘கிக் கிக்’ என்று கத்துவதோடு சரி, இது கூடத் தெரியாமல் என்ன காட்டுக்குப் போகிறீர்கள் என்று பின்னாளில் பாடம் எடுத்தார். எடுத்தபோது காலில் அந்த சாக்ஸ் இருந்தது.

இடிமுழக்கம் ஒரு செவிலியர். அந்தப் பெயரைத் தேர்ந்தெடுத்த கதையைக் கேட்டபோது சாதாரணமாகச் சொன்னார். முதலில் இருந்த வேறொரு குழுவில் சொந்தப் பெயரும் சொந்தப் படமும் வைத்திருந்தாராம். காலை ஐந்து மணிக்கெல்லாம் தனி மெசேஜில் ரோஜாப்பூ குட்மார்னிங்; அதற்குப் பதில் போடாவிட்டால் மாலையில் “சாப்டீங்களா?” பெயரை மாற்றினார், படத்தில் ஒரு மின்னலை வைத்தார். மறுநாளிலிருந்து பூவும் இல்லை, சாப்பாட்டு விசாரணையும் இல்லை. “அட்டைக்கு மருந்து கிடைக்கலைன்னா பரவால்லங்க. நாமளே தேடிக்கலாம்” என்றார். தேடியும் கொண்டார், மலையில் அட்டை கடித்த ஆட்களுக்குக் கட்டுப் போட்டவரும் அவர்தான்.

துப்பறிகிறவர்கள் இருக்கிறார்கள். யாராவது சைஸ் ஐந்தில் ஷூ கேட்டால், பெண். தன் பிள்ளைக்குக் கேட்டிருக்கலாம் என்று தோன்றாது. கழிவறை இருக்கிறதா என்று கேட்டால், பெண். இதில் எனக்குக் கோபமே வரும். ஆண்களுக்கு என்ன, மலை முழுக்கக் கழிவறை என்று நினைப்பா? சைவச் சாப்பாடு கிடைக்குமா என்றால் வயதானவர். ட்ரோன் கொண்டுவரலாமா என்றால் ஆண், அதுவும் வேலைக்குச் சேர்ந்து முதல் வருஷம். குழந்தையின் படத்தை வைத்திருப்பவர்களிடம் மட்டும் இந்தத் துப்பு எதுவும் எடுபடாது. அப்பாவும் வைக்கிறார், அம்மாவும் வைக்கிறார், தாய்மாமனும் வைக்கிறார். குரல் பதிவு போட்டால் அகப்பட்டுக்கொள்வார்கள் என்று ஒரு நம்பிக்கை இருந்தது. ஒற்றையடி ஒருநாள் போட்டார். வெள்ளியங்கிரியில் ஏழாவது மலை ஏறும்போது போட்டது. ஒரு நிமிடம் முழுக்க மூச்சிரைப்பு, நடுவில் ஒரு “சிவசிவா”. குறிப்பிட்ட வயதுப் பெண்கள் அந்த மலை ஏறுவதில்லை என்று ஒரு வழக்கம் இருப்பதால், ஒன்று ஆண், இல்லாவிட்டால் மூத்த பெண்மணி, அதுவும் இல்லாவிட்டால் வழக்கத்தைச் சட்டை செய்யாதவர் என்பது வரை துப்பு துலங்கியது.

இந்திக்காரர்களுக்கு இந்தச் சுகம் வாய்க்கவில்லை. பெங்களூர்க் குழு ஒன்றில் பார்த்தேன்: “வந்துகொண்டிருக்கிறேன்” என்று எழுதினாலே வினைச்சொல் காட்டிக்கொடுத்துவிடுகிறது. தமிழில் தன்னைப் பற்றி ஆயிரம் பக்கம் எழுதினாலும் ஒன்றும் வெளியே தெரியாது. அடுத்தவரைப் பற்றி எழுதும்போதுதான் ஆன் போடுவதா ஆள் போடுவதா என்று விரல் நிற்கும். அதற்கும்தான் ‘ஆர்’ இருக்கிறதே. மரியாதை என்று நினைத்துக்கொள்வார்கள். பாதி நேரம் அது தெரியாமை.

இதெல்லாம் பொழுதுபோக்காகவே போயிருக்கும், கொழுக்குமலையில் இரவு தங்குவது என்று அட்மின் அறிவிக்காமல் இருந்திருந்தால். கொழுக்குமலை தேனி மாவட்டத்தில் இருக்கிறது. வண்டியில் போக வேண்டும் என்றால் கேரளத்துச் சூரியநெல்லிக்குப் போய், அங்கிருந்து ஜீப்பில் எலும்பைக் கழற்றிக்கொண்டு ஏற வேண்டும். மேலே கூடாரம். கூடாரத்துக்கு இரண்டு பேர். யாரோடு யார் என்று அட்மின் பிரிக்க வேண்டும். அவர் எதற்கும் கணக்குப் போடுகிறவர், ஆனால் கூச்ச சுபாவம். “நீங்கள் ஆணா பெண்ணா?” என்று நேரே கேட்க வாய் வரவில்லை. குழுவுக்கு டி-ஷர்ட் அடிக்கிறோம், உங்களுக்கு எந்த மாடல் வேண்டும் என்று வாக்கெடுப்பு வைத்தார்: ஆண்கள் மாடல், பெண்கள் மாடல், இருபாலருக்கும் பொது. மாலைக்குள் முடிவு வந்துவிட்டது. அத்தனை பேரும் பொது.

நிஜமாகவே டி-ஷர்ட் அடிக்க வேண்டியதாகிவிட்டது. அது தனிச் செலவு.

கடைசியில் ஆதார் கேட்டார். கூடாரக்காரர் அடையாள அட்டை இல்லாமல் சேர்க்க மாட்டார் என்பது உண்மைதான். 2018-இல் குரங்கணியில் காட்டுத்தீ மலையேறியவர்களைப் பலிகொண்ட பிறகு அந்தப் பக்கத்து மலைகளில் யார் யார் மேலே இருக்கிறார்கள் என்ற பட்டியல் விளையாட்டு விஷயம் இல்லை. தமிழக அரசு 2024-இல் ‘ட்ரெக் தமிழ்நாடு’ என்று 40 பாதைகளைத் திறந்தபோதும் ஆன்லைனில் பதிவு செய்துவிட்டுத்தான் போக வேண்டும் என்று வைத்ததில் ஒரு நியாயம் இருக்கிறது. ஆக ஆதார் நகல்கள் அட்மினுக்குத் தனியாகப் போயின. அதில் பெயருக்குக் கீழே ஆண்பால், பெண்பால் என்று இலக்கணப் புத்தகம் மாதிரி அச்சடித்திருக்கும். ஒருவர் மட்டும், “அட்டையில் இருப்பது வேறு, நான் வேறு. கூடாரக்காரரின் பட்டியலில் அட்டைப்படியே போடுங்கள், குழுவில் எதுவும் போடாதீர்கள்” என்று எழுதினாராம். அட்மின் அவருக்கு ஓரத்துக் கூடாரத்தைத் தனியாக ஒதுக்கினார். யார் என்று இன்றுவரை வாயைத் திறக்கவில்லை. நாங்களும் கேட்கவில்லை. துப்பறியும் புலிகள் கூட அந்த விஷயத்தில் வாலைச் சுருட்டிக்கொண்டது ஆச்சரியம்தான்.

அதிகாலை இருட்டில் ஜீப்புக்குப் பக்கத்தில் நின்று பெயர்களையும் முகங்களையும் பொருத்திப் பார்த்ததைச் சொல்ல வேண்டும். “நீங்களா காட்டுப்பூனை?” என்று பருத்தி வேட்டி கட்டிய ஒருவரைப் பார்த்து இரண்டு பேர் ஒரே குரலில் கேட்டார்கள். பாட்டியைப் பார்த்ததும் தைலம் கேட்டவர் ஜீப்பின் மறுபக்கம் போய் நின்றுகொண்டார். என்னையும் பார்த்தார்கள். “ஓ!” என்று சிலர் சொன்னார்கள், “நான் அப்பவே சொல்லலை?” என்று சிலர் சொன்னார்கள்.

பெண்கள் வரிசை ஒரு பக்கம், ஆண்கள் வரிசை ஒரு பக்கம் என்று அட்மின் செய்த ஏற்பாடு ராத்திரி பதினொன்றரை வரைக்கும் அழகாக இருந்தது. அப்புறம் ஒரு குறட்டை கிளம்பியது. ஜீப் மேலே ஏறி வருகிறது என்று காவலுக்கு இருந்தவர் டார்ச்சை எடுத்துக்கொண்டு ஓடினார். குளிரில் எல்லோரும் போர்வையோடு வெளியே வந்து நின்று, வழக்கம் போல யூகிக்க ஆரம்பித்தோம். இந்தக் கனம் ஆண்தான் என்றார் ஒருவர். தலைமையாசிரியர் அல்லவா, நாற்பது வருஷத் தொண்டை என்றார் இன்னொருவர். தலைமையாசிரியர் எங்கள் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார். சத்தம் பாட்டியின் கூடாரத்திலிருந்து வந்தது. அந்தக் கூடாரத்தில் படுக்க வேண்டிய இடிமுழக்கம் தலையணையோடு ஜீப்பில் உட்கார்ந்திருந்தார்.

அடுத்த மலை பர்வதமலை என்று அட்மின் அறிவித்திருக்கிறார். பெயர், வயது, அவசரத்துக்கு அழைக்க வேண்டிய எண், எல்லாம் கேட்டு ஒரு படிவம் வந்திருக்கிறது. பாலினத்துக்கான கட்டம் இருக்கிறது, விருப்பமிருந்தால் நிரப்பலாம் என்ற குறிப்போடு. அதற்குக் கீழே புதிதாக ஒரு கட்டம், இதைக் கட்டாயம் நிரப்ப வேண்டும் என்று சிவப்பு நட்சத்திரம் போட்டு: குறட்டை விடுவீர்களா?

நேற்றுவரை வந்த படிவங்களில் ஒருவர் பாக்கியில்லாமல் எல்லோரும் ‘இல்லை’ என்றுதான் எழுதியிருக்கிறார்களாம்.