திருநீர்மலைக் கல்யாணங்கள்

ஒரு காலத்துத் தமிழ் சினிமாவில் வீட்டை எதிர்த்துக் காதலித்தவர்களுக்குப் போக்கிடம் எங்கள் ஊர்தான். கதாநாயகியின் அப்பா அடியாட்களோடு காரில் கிளம்புவார். அதற்குள் இவர்கள் இருவரும் மாலையும் கழுத்துமாக ஒரு மலைக்கோயில் படியில் இறங்கி வந்துகொண்டிருப்பார்கள். அந்தப் படிக்கட்டும் பின்னால் தெரியும் கோபுரமும் எத்தனையோ படங்களில் திருநீர்மலையுடையவை. பல்லாவரத்துக் கொட்டகையில் அந்தக் காட்சி வந்ததும் எங்கள் ஊர்க்காரர்கள் எழுந்து நின்று விசிலடிப்பார்கள். மலைக்காக அடித்த விசில் அது.

சினிமாக்காரர்கள் எங்கள் ஊரைத் தேடி வந்ததற்குக் கணக்கு இருந்தது. கோடம்பாக்கத்தில் விடியற்காலையில் வேன் ஏறினால் பல்லாவரம், பம்மல் வழியாக வெயில் ஏறுவதற்குள் இங்கே வந்துவிடலாம். கீழே ஒரு கோயில், குளம், தேரடி, மேலே இன்னொரு கோயில், நடுவில் படிக்கட்டு, சுற்றிலும் ஏரியும் வயலும். ஒரே இடத்தில் நாலைந்து காட்சிகளை முடித்துக்கொண்டு இருட்டுவதற்குள் ஊர் திரும்பலாம். லாட்ஜ் வாடகை மிச்சம். 1977இல் ‘16 வயதினிலே’ வந்த பிறகு எல்லாரும் ஸ்டுடியோவை விட்டு வெளிப்புறத்துக்குக் கிளம்பினார்கள். தேனிக்கும் கோபிசெட்டிபாளையத்துக்கும் போகப் பணமில்லாத தயாரிப்பாளருக்கு எங்கள் மலை கைகொடுத்தது.

மலைக்கு அதற்கும் முன்னால் வேறு பெருமை உண்டு. நூற்றெட்டுத் திவ்ய தேசங்களில் ஒன்று. அடிவாரத்தில் நீர்வண்ணப் பெருமாள் நின்றிருக்கிறார். மேலே நரசிம்மர் அமர்ந்திருக்கிறார், ரங்கநாதர் பள்ளிகொண்டிருக்கிறார், உலகளந்த பெருமாள் நடந்த கோலத்தில் இருக்கிறார். நான்கு கோலமும் ஒரே ஊரில். திருமங்கையாழ்வார் வந்தபோது மலையைச் சுற்றி வெள்ளம் நின்றதாம். வடியும்வரை ஆறு மாதம் எதிரே காத்திருந்து சேவித்தார் என்பது தலபுராணம். என் பாட்டி இதைச் சொல்லும்போது ஏரிப் பக்கம் கையைக் காட்டுவாள். ஐப்பசி மழையில் அந்த ஏரியைப் பார்த்தவர்களுக்கு ஆழ்வார் கதையில் சந்தேகமே வராது.

படப்பிடிப்பு என்றால் பள்ளிக்கூடம் பாதி காலியாகிவிடும். நான் மிக அருகில் நின்று பார்த்த ஒரு கல்யாணம் இன்னும் கண்ணிலேயே இருக்கிறது. வெள்ளித்தாள் ஒட்டிய பலகைகளை இரண்டு பையன்கள் தூக்கிப் பிடித்து வெயிலைக் கதாநாயகியின் முகத்துக்குத் திருப்பினார்கள். அவருக்குக் கண் கூசித் தண்ணீர் வந்தது. அது ஆனந்தக் கண்ணீராகப் படத்தில் வரும் என்று பக்கத்தில் யாரோ சொன்னார்கள். தாலி கட்டுவதை மட்டும் திரும்பத் திரும்ப எடுத்தார்கள். ஒவ்வொரு முறையும் மூன்றாவது முடிச்சுக்குள் டைரக்டர் ‘கட்’ சொல்லிவிடுவார். மாலை வாடிவிட்டதால் ஒருவர் ஓடிவந்து தண்ணீர் தெளித்தார். கடைசியில் ஒரு உதவியாளர், கொஞ்சமும் தயங்காமல், கதாநாயகியின் கழுத்திலிருந்து தாலியைக் கழற்றி, மஞ்சள் கயிற்றைச் சுற்றித் தகரப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினார். என்னோடு நின்ற பெண்களில் இரண்டு பேர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். கூட்டத்தோடு அட்சதை போட வந்த துணை நடிகை ஒருத்தி, நிஜ மஞ்சள் கயிறு வெளியே தெரியாமல் இருக்கப் புடவைத் தலைப்பை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தாள்.

அந்த மனிதர்களை நான் பல வருஷம் கழித்து ஒரு புத்தகத்தில் மறுபடி சந்தித்தேன். பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில், புறாக்கூண்டுக்கும் பழைய மிக்ஸி ஜாடிகளுக்கும் நடுவே தார்ப்பாயில் கொட்டிக்கிடந்த குவியலில், அட்டையில்லாத ‘கரைந்த நிழல்கள்’ கிடைத்தது. ஜெமினி ஸ்டுடியோவில் வேலை பார்த்த அசோகமித்திரன் எழுதியது. வெளிப்புறப் படப்பிடிப்புக்கு விடியுமுன்னே வண்டி அனுப்புகிறவர்கள், சாப்பாடு கட்டுகிறவர்கள், பணம் வராமல் படம் நின்றுபோனால் என்ன ஆனார்கள் என்று யாரும் கேட்காதவர்கள். அவர்கள்தான் அந்த நாவல் முழுக்க. சினிமாவைப் பற்றித் தமிழில் இதைவிட நேர்மையான நாவல் நான் படித்ததில்லை. தகரப் பெட்டிக்காரரை நான் ஒரு பக்கத்திலாவது பார்த்துவிடுவேன் என்றே படித்தேன்.

படிப்புப் பழக்கம் எனக்கு வந்தது என் பெரியம்மா மகளால். அக்காவுக்கு என்னைவிட ஏழு வயது கூட. பம்மலில் இருந்த வாடகை நூலகத்துக்கு அவளை அனுப்ப மாட்டார்கள் என்பதால் நான்தான் போய் வருவேன். காக்கி அட்டை போட்டு, முதுகில் நம்பர் எழுதி, சணல் நூலால் தைத்த புத்தகங்கள். லட்சுமி, சிவசங்கரி, ஜெயகாந்தன், சாண்டில்யன் எல்லாரும் ஒரே காக்கியில் இருப்பார்கள். பக்க ஓரத்தில் பென்சிலால் வாசகர்கள் சண்டை போட்டிருப்பார்கள். ‘இவள் செய்தது சரி’ என்று ஒருத்தர் எழுதியிருப்பார். ‘உன் தங்கை செய்தால் ஒப்புவாயா?’ என்று அதன் கீழே இன்னொரு கையெழுத்து. அக்கா கதையைப் படிப்பதற்கு முன்னால் ஓரங்களைப் படித்துவிடுவாள்.

‘சில நேரங்களில் சில மனிதர்கள்’ நாவலை அவள் படித்துக்கொண்டிருந்தபோது பெரியப்பா பிடுங்கிப் பரண் மேல் எறிந்தார். 1972இல் சாகித்ய அகாதெமி பரிசு வாங்கிய நாவல் அது. டைரக்டர் பீம்சிங் அதையே படமாக எடுத்து நடிகை லட்சுமிக்குத் தேசிய விருது கிடைத்தபோது, பெரியப்பாவே குடும்பத்தோடு கூட்டிப் போனார். இடைவேளையில் எங்களுக்கெல்லாம் கடலை வாங்கிக் கொடுத்தார். படம் முடிந்து வரும்போது கதாநாயகி கங்காவை நினைத்து வழியெல்லாம் வருத்தப்பட்டார். அவர் கெட்டவர் இல்லை. கொட்டகையில் அழுதது உண்மையான அழுகை. ஆனால் அந்த அழுகை வீட்டு வாசலோடு நின்றுவிடும். எங்கள் ஊரில் பெரும்பாலான ஆண்கள் அப்படித்தான் இருந்தார்கள், பெண்களும்தான்.

நூலகப் புத்தகங்களுக்குள் நான் கொண்டு வந்தது கதை மட்டுமில்லை. நாகல்கேணியில் ஒரு தோல் கம்பெனியில் கணக்கு எழுதிக்கொண்டிருந்த ஒருவரின் கடிதங்களும் இருக்கும். அந்தக் காலத்தில் பம்மலைத் தாண்டினாலே தோல் வாடை மூக்கில் ஏறும். 1912இல் தொடங்கிய குரோம் லெதர் கம்பெனியால்தான் குரோம்பேட்டைக்கே அந்தப் பெயர். சுற்றுவட்டாரத்தில் பாதிக் குடும்பங்களுக்கு அந்த வாடைதான் சோறு போட்டது. அவர் வேறு சாதி. அது போதும், மேலே விளக்கத் தேவையில்லை.

1978இல் ஒரு தை மாதம் அக்கா கிளம்பிவிட்டாள். திருநீர்மலையில் அவர்கள் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. செய்துகொள்ள முடியாது. பட்டாச்சாரியாரில் தொடங்கித் தேங்காய்க் கடைக்காரர்வரை எல்லாருக்கும் அவளைத் தெரியும். ஊர் உலகத்துக் காதலர்களெல்லாம் எங்கள் மலைக்கு ஓடி வந்தார்கள். மலையடிவாரத்தில் பிறந்த பெண்ணுக்கு அந்த மலையை விட்டு ஓடவேண்டியிருந்தது. தாம்பரத்தில் அவருடைய நண்பர் வீட்டு மாடியில் மாலை மாற்றிக்கொண்டார்கள். அதற்குச் சட்டத்தில் இடம் இருந்தது. சுயமரியாதைத் திருமணம் செல்லும் என்று 1967இல் அண்ணா முதலமைச்சராக இருந்தபோதே சட்டத் திருத்தம் நிறைவேறியிருந்தது. புரோகிதரும் கோயிலும் தேவையில்லை. சினிமாவுக்குத்தான் கோபுரம் தேவைப்பட்டது. பிறகு பதிவு செய்தார்கள்; சாட்சிக் கையெழுத்துப் போட்டவர்கள் கம்பெனியில் கூட வேலை பார்த்தவர்கள். எங்கள் பக்கத்திலிருந்து ஒருவர்கூட இல்லை. எனக்குப் பதினாலு வயது.

அடுத்த மாதமே மலையில் ஒரு படப்பிடிப்பு நடந்தது. பெரியம்மா போய்ப் பார்த்துவிட்டு வந்து, அந்தப் பெண் மாலையோடு எவ்வளவு லட்சணமாக இருந்தாள் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். பாதியில் பேச்சை நிறுத்திவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். பெரியப்பா கடைசிவரை அக்காவின் வீட்டு வாசலை மிதிக்கவில்லை. பெரியம்மா மட்டும் பேறுகாலத்துக்கு யாருக்கும் சொல்லாமல் பல்லாவரத்தில் ரயிலேறித் தாம்பரம் போய் வந்தாள்.

ஊர் மாறியதைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். நான் சுருக்கமாகவே சொல்கிறேன். வயல்கள் மனைகளாகி, மனைகள் அடுக்குமாடிகளாகிவிட்டன. பேரூராட்சியாக இருந்த திருநீர்மலை 2021 நவம்பரிலிருந்து தாம்பரம் மாநகராட்சியில் சேர்ந்துவிட்டது. மலைமேல் நின்றால் ஒரு பக்கம் மீனம்பாக்கத்தில் இறங்கும் விமானம், இன்னொரு பக்கம் பைபாஸ் சாலையின் இரைச்சல். ஏரி இருக்கிறது, சுருங்கிப்போய். இதில் எனக்கு உண்மையான துக்கம் ஏரிக்காக மட்டும்தான். தோல் வாடை குறைந்ததற்கு யாரும் அழ வேண்டியதில்லை.

சினிமாக் கல்யாணங்களும் அருகிவிட்டன. இப்போதைய கதைகளில் காதலர்களுக்கு ஓடுவதற்கு மலை வேண்டியிருக்கவில்லை. நிஜக் கல்யாணங்கள்தான் முகூர்த்த நாளில் வரிசை கட்டி நிற்கின்றன. கோயில் அலுவலகத்தில் வயதுச் சான்று, முகவரிச் சான்று, முதல் திருமணம் என்பதற்கான சான்று எல்லாம் கேட்கிறார்கள். கேட்பது நல்லதுதான். பதினாறு வயதுப் பெண்ணை இழுத்துவந்து கட்டிவைத்த கல்யாணங்களும் அந்தக் காலத்தில் நடந்திருக்கின்றன.

போன ஆவணியில் அக்காவின் பேத்திக்குக் கல்யாணம், எங்கள் மலையிலேயே. பையன் வேறு சாதி மட்டுமில்லை, வேறு மாநிலம். இரண்டு வீட்டாரும் முன் நின்று நடத்தினார்கள். தாலி கட்டி, சேவித்து, கீழே இறங்கிய பிறகுதான் புகைப்படக்காரர் தன் வேலையை ஆரம்பித்தார். மாலையைக் கழற்றவேண்டாம் என்றார். மேலே டிரோன் எழும்பியது. பழைய படம் மாதிரி ஒரு பாட்டு எடுக்கப்போகிறோம், இரண்டு பேரும் கையைப் பிடித்துக்கொண்டு யாரோ துரத்துவது போலப் படியில் ஓடவேண்டும், நாலாவது படியில் திரும்பிப் பார்த்துச் சிரிக்கவேண்டும் என்று சொல்லிக் கொடுத்தார். பிள்ளைகள் ஓடினார்கள். சரியாக வரவில்லை என்று மறுபடி ஓடவைத்தார். பேத்திக்கு மூச்சு வாங்கியது. பட்டுப்புடவை காலில் தடுக்கியது. துரத்துவதற்கு ஒருவர் இருந்தால் நன்றாக இருக்கும் என்று பெண்ணின் அப்பாவையே கீழ்ப்படியில் நிறுத்தி, கையை ஓங்கச் சொன்னார். அந்த மனிதர் மாப்பிள்ளையைப் பார்த்துக் கையை ஓங்க முடியாமல் நெளிந்தார்.

குளத்தோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த அக்கா எழுந்து போனாள்.

“தம்பி, இந்த மாதிரி ஓடமாட்டாங்கப்பா.”

“என்ன பாட்டி?”

“வீட்டை விட்டு ஓடுறவங்க ஓடவே மாட்டாங்க. மெதுவாத்தான் நடப்பாங்க. ஓடினா தெருவுல எல்லாரும் திரும்பிப் பாப்பாங்கல்ல? கையில புக்கு இருந்திச்சு எனக்கு. லைப்ரரிக்குப் போற மாதிரி போனேன். பம்மல் தாண்டுற வரைக்கும் திரும்பியே பாக்கல. சிரிப்பெல்லாம் வராது.”

அந்தப் பையனுக்கு இருபத்தைந்து வயது இருக்கும். காமிராவை இறக்கிவிட்டான். “நீங்களே ஒரு தடவை நடந்து காட்டுறீங்களா பாட்டி?” என்று மரியாதையாகத்தான் கேட்டான். அக்கா மறுத்துவிட்டாள். நான் வற்புறுத்தவில்லை. அந்த நடை எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியும். அன்றைக்குத் தெருமுனைவரை கூடப் போனவள் நான். அதை வீடியோவில் பாட்டுப் போட்டு ஓடவிடுவதை என்னால் தாங்கியிருக்க முடியாது. இந்தத் தலைமுறை அதை விளையாட்டாக எடுத்துக்கொள்வதில் எனக்கு வருத்தமில்லை. அந்த வீட்டில் விளையாட்டாகிற அளவுக்குப் பயம் போனதே என்று சந்தோஷப்பட்டேன். ஆனால் எல்லா வீட்டிலும் போகவில்லை. காதலித்ததற்காக வெட்டப்பட்ட பிள்ளைகளின் செய்தி இன்னும் பத்திரிகையில் வந்துகொண்டுதான் இருக்கிறது. 2016இல் உடுமலைப்பேட்டையில் பட்டப்பகலில் பேருந்து நிலையத்துக்கு அருகே சங்கர் என்ற இளைஞனைக் கொன்றார்கள், கௌசல்யாவைக் கல்யாணம் செய்துகொண்டதற்காக. அந்தக் கொலையின் காமிராக் காட்சியைப் பார்த்த நாடு இது. டிரோன் படம் எடுக்கும் காலத்தில்தான் அதுவும் நடந்தது.

சாப்பாட்டுப் பந்தியில் அடுத்த வேலையைப் பற்றிப் பேச்சு வந்தது. 2009ஆம் வருஷச் சட்டப்படி தமிழ்நாட்டில் எந்தக் கல்யாணமானாலும் தொண்ணூறு நாளுக்குள் பதிவு செய்தாகவேண்டும். இரண்டு சாட்சி வேண்டும். பாட்டி ஒரு சாட்சி என்று பேத்தி சொன்னாள். அக்கா ரசத்தை ஊற்றிக்கொண்டே என் பக்கம் திரும்பினாள்.

“இன்னொண்ணு இவ போடட்டும். அன்னைக்கே கேட்டா, நானும் கையெழுத்துப் போடுறேன்க்கான்னு. வயசு பத்தலன்னு சொல்லிட்டாங்க. இப்ப பத்துமில்ல?”

திங்கட்கிழமை காலையில் ஆதார் அட்டையையும் இரண்டு போட்டோவையும் எடுத்துக்கொண்டு சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போனேன். எங்களுக்கு முன்னால் ஏழெட்டு ஜோடிகள் உட்கார்ந்திருந்தார்கள். அக்கா தனக்குப் பக்கத்து நாற்காலியில் பையை வைத்து எனக்கு இடம் பிடித்து வைத்திருந்தாள்.